காரிக்கும் வெள்ளிக்கும் ஆறு குட்டி: ஷோ நாய்க்கும் குதிரைக்கும் பெயர் எங்கிருந்து எடுப்பது?

மார்ச் 2, இரவு 9.40 – கேள்வி

சிப்பிப்பாறை ஈத்து. ஆறு குட்டி, ரெண்டு ஆண், நாலு பெட்டை. தகப்பன் பேரு காரி, தாய் வெள்ளி. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதியணும், ஷோவிலும் இறக்கணும். படிவத்தை எடுத்து வச்சா டைகர், ராக்கி, புருனோவைத் தாண்டி ஒண்ணும் வரல. இணையத்துல இருக்கிற பெயர்ப் பட்டியல் எல்லாம் ஒரே அச்சு. நான் நினைக்கிறது இதுதான்: ஷோ நாய்க்கு இங்கிலீஷ் பேருதான் எடுபடும், தமிழ்ப் பேரு வெளிமாநில நடுவர் வாயில் நுழையாது, மார்க் போயிரும். சரியா தப்பா, அண்ணாச்சிமார் சொல்லுங்க. பக்கத்துல ரேஸ் குதிரை வச்சிருக்கவரும் ஒரு பெட்டைக் குட்டிக்குப் பேரு தேடுறார். அதுக்கும் சேர்த்தே சொல்லுங்க.

மார்ச் 2, இரவு 11.05

தப்பு. வளையத்துக்குள் நிற்கும் நடுவருக்கு நாயின் பெயரே தெரியாது. பிடித்து ஓடுகிறவர் கையில் கட்டிய எண் மட்டும்தான் அவர் கண்ணில் படும். பெயர் கேடலாக்கில் இருக்கும், தீர்ப்பு முடிகிறவரை அவர் அதைத் திறக்க மாட்டார். அதனால் மார்க் போகாது.

பெயர் வேலை செய்யும் இடங்கள் வேறு. பதிவுச் சான்றிதழ், கேடலாக், பிற்பாடு பிறக்கப்போகும் குட்டிகளின் வம்சத் தாள், இவையெல்லாம் தாள். வீட்டு முற்றத்தில் நின்று நீங்கள் கூப்பிடுவது வாய். தாளுக்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். டைகர், ராக்கி வந்து நிற்பதற்குக் காரணமே ஒரே பெயரில் இரண்டு வேலையையும் முடிக்கப் பார்ப்பதுதான்.

மார்ச் 3, காலை 6.50

நேற்று சொன்னதற்கு உதாரணம். நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் ஷோவில் 2008இல் ஜெயித்த பீகிள் நாயைக் கூப்பிடும் பெயர் 'யூனோ'. இத்தாலிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் 'ஒன்று' என்று பொருள். தாளில் இருந்த பெயர் 'கே-ரன்ஸ் பார்க் மீ இன் ஃபர்ஸ்ட்': என்னை முதல் இடத்தில் நிறுத்து. ஒன்றும் முதலிடமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள். 2022இல் ஜெயித்த பிளட்ஹவுண்ட் வீட்டில் 'ட்ரம்பெட்', தாளில் 'ஃப்ளெஸ்னர்ஸ் டூட் மை ஓன் ஹார்ன்'. தன் ஊதுகொம்பைத் தானே ஊதுவது, அதாவது தன் பெருமையைத் தானே பேசுவது. 2016இன் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் வெறும் 'சிஜே'. தாளில் அது 'கலிஃபோர்னியா ஜர்னி'யின் முதலெழுத்துகள். 2010இன் ஸ்காட்டிஷ் டெரியர் 'சேடி', தாளில் இருந்த 'மெர்சேடிஸ்' என்ற சொல்லின் நடுத்துண்டு.

நாலிலும் வழி ஒன்றுதான். கூப்பிடும் பெயர் தாளில் இருக்கும் பெயருக்குள் ஒளிந்திருக்கும், அல்லது தாளில் இருப்பது கூப்பிடும் பெயருக்கு விடுகதை போட்டிருக்கும். முன்னால் நிற்கும் 'கே-ரன்ஸ்', 'ஃப்ளெஸ்னர்ஸ்' எல்லாம் வளர்ப்பவரின் கென்னல் பெயர். ஊர்ப்பெயரை இனிஷியலாகப் போடுவது மாதிரி. அது குட்டி எங்கே பிறந்தது என்பதற்குச் சாட்சி, எந்த வீட்டுக்கு விற்றாலும் கூடவே போகும்.

கூப்பிடும் பெயரை முதலில் பிடியுங்கள். அதிலிருந்து தாளுக்குப் போவது சுலபம். தாளிலிருந்து இறங்கி வந்தால் பெரும்பாலும் நொண்டியடிக்கும்.

மார்ச் 3, பிற்பகல் 2.15

குதிரைக்காரருக்கு. ரேஸ் குதிரை உலகத்தில் ஊற்று ஒன்றே ஒன்று: தகப்பன் பெயர், தாய் பெயர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, இரண்டும் சேரும் இடத்தில் என்ன பிறக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கலை.

மிக அழகாக ஓடும் சங்கிலி இது. தகப்பன் பாலினேஷியன், தாய் கெய்ஷா. ஒன்று தீவு மக்கள், ஒன்று ஜப்பானிய ஆடல் நங்கை. 1950இல் பிறந்த குட்டி நேட்டிவ் டான்சர். அதன் மகள் நடால்மா. நடால்மாவை நியார்க்டிக் என்ற குதிரையோடு சேர்த்தார்கள். அந்தப் பெயரிலேயே வடதுருவம் இருக்கிறது. வடக்கும், தாய்வழித் தாத்தாவின் நடனமும் சேர்ந்து 1961இல் நார்தர்ன் டான்சர். அதன் பிள்ளைகளுக்கு வந்த பெயர்களைப் பாருங்கள்: நிஜின்ஸ்கி, நூரயெவ் இரண்டும் பாலே நடனக் கலைஞர்கள்; சாட்லர்ஸ் வெல்ஸ் லண்டனின் நடன அரங்கம். மூன்று தலைமுறை தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை. பெயரைக் கேட்டாலே ரத்தம் எது என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. மேன் ஓ' வார் என்றால் பழைய போர்க்கப்பல். அதன் மகன் ஹார்ட் டாக், கப்பலில் மாலுமிகள் தின்னும் கல் மாதிரியான ரொட்டி. ஹார்ட் டாக்கின் மகன் 1933இல் பிறந்தது, சீபிஸ்கட். அதே ரொட்டிக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். மேன் ஓ' வாரின் இன்னொரு மகன் வார் அட்மிரல், அதாவது கடற்படைத் தளபதி. 1938 நவம்பரில் பிம்லிக்கோ பந்தயத் திடலில் இரண்டையும் மட்டும் தனியே ஓடவிட்டபோது சித்தப்பா தளபதியைக் கப்பல் ரொட்டி ஜெயித்தது. பெயர் வைத்தவர்கள் இதை எதிர்பார்த்து வைக்கவில்லை. ஆனால் இரண்டு பெயரும் ஒரே கப்பலிலிருந்து வந்ததால்தான் இன்றைக்கும் அந்தப் பந்தயம் கதையாகச் சொல்லப்படுகிறது.

நாய்க்கும் இதையே செய்யுங்கள் என்பது என் கட்சி. அகராதியைத் திறக்காதீர்கள், வம்சத் தாளைத் திறங்கள்.

மார்ச் 3, இரவு 8.30 – வாசகர்

அப்படியானால் செக்ரடேரியட் என்ற குதிரை? போல்ட் ரூலருக்கும் சம்திங்ராயலுக்கும் பிறந்தது. வீர அரசனும் ராஜ வம்சமும் சேர்ந்தால் செயலகம் எப்படி வரும்?

மார்ச் 3, இரவு 10.20

நல்ல பிடி. அரச சம்பந்தமாக முதலில் அனுப்பிய பெயர்களை, குதிரைப் பெயர்களைப் பதியும் அமெரிக்க ஜாக்கி கிளப் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியது. கடைசியில் அந்தப் பண்ணையின் செயலாளர் எலிசபெத் ஹாம் சொன்ன பெயர்தான் நிலைத்தது. அவர் முன்பு சர்வதேச சங்கத்தின் செயலகத்தோடு தொடர்பில் வேலை பார்த்தவர். 1973இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளம் முன்னால் முடித்த பிறகு அந்தச் சொல்லுக்கு ஆபீஸ் வாசனையே போய்விட்டது.

ஆகவே 'ஊற்று ஒன்றே ஒன்று' என்று மதியம் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். பெற்றோர் பெயர் முதல் ஊற்று. அது அடைபட்டால் பண்ணையில் இருக்கும் மனிதர்களின் தொழில், ஊர், பிறந்த நாளில் நடந்தது, இப்படிப் போகலாம். 1764 ஏப்ரல் 1 சூரிய கிரகணத்தன்று பிறந்த குட்டிக்கு எக்லிப்ஸ் என்று வைத்தார்கள். இன்றைய தரோபிரெட் என்ற ரேஸ் குதிரை இனத்தின் ஆண்வழிகளில் பெரும்பகுதி அதனிடம்தான் போய்ச் சேருகிறது.

எக்லிப்ஸின் மகன் ஒன்றுக்கு 'பொட்டேட்டோஸ்', உருளைக்கிழங்கு, என்று வைக்க நினைத்தார்கள். லாயத்துப் பையன் காதில் விழுந்தபடி 'பாட்' என்று எழுதி அதன் பின்னால் எட்டு 'ஓ' போட்டான். எட்டு ஓ, 'பாட்-எய்ட்-ஓஸ்'. உரிமையாளருக்குப் பிடித்துப்போய் அப்படியே பதிந்துவிட்டார். 1773இல் பிறந்த குதிரை, வம்சத் தாள்களில் இன்னமும் எட்டு ஓவோடுதான் நிற்கிறது.

மார்ச் 4, காலை 7.10

ஜாக்கி கிளப் ஏன் திருப்பி அனுப்புகிறது என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். முக்கியமானவை மட்டும்:

மொத்தம் 18 எழுத்து. இடைவெளியும் புள்ளியும்கூடக் கணக்கு. உயிரோடு இருப்பவர் பெயர் என்றால் அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். வெறும் முதலெழுத்துக் கோவை கூடாது. 'ஃபில்லி', 'கோல்ட்', 'மேர்' போன்ற குதிரைச் சொல்லில் முடியக்கூடாது. விளம்பரமாக இருக்கக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும், குட்டி போட்டுக்கொண்டிருக்கும் குதிரையின் பெயரோடு எழுத்திலோ ஒலியிலோ ஒத்துப்போகக்கூடாது. புகழ்பெற்ற குதிரைகளின் பெயர்கள் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன, அவற்றைத் தொடவே முடியாது. அமெரிக்க விண்ணப்பத்தில் விருப்ப வரிசைப்படி ஆறு பெயர் எழுதலாம். ஆறுமே ஒரே சாயலில் இருந்தால் ஆறும் ஒரே காரணத்துக்காகத் திரும்பும். இரண்டு சாயலில் மூன்று மூன்றாக எழுதுங்கள். குட்டிக்கு இரண்டு வயதாகும் வருடத்தின் பிப்ரவரி 1 தாண்டினால் கூடுதல் கட்டணம். ஒரு பந்தயம் ஓடிவிட்டால், அல்லது இனப்பெருக்கத்துக்குப் போய்விட்டால், பிறகு மாற்ற முடியாது. இங்கே பதிவு புணேயில் இருக்கும் ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா வழியாக. அவர்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் விதியைப் படித்து அனுப்புங்கள்.

18இன் நெருக்கடி எப்படி என்றால், 2015இல் மூன்று பெரும் பந்தயங்களையும் ஜெயித்த அமெரிக்கன் ஃபேரோவின் தகப்பன் பெயர் 'பயனீர்ஆஃப் தி நைல்'. 'பயனீர்' என்பதும் 'ஆஃப்' என்பதும் ஒட்டியே எழுதப்பட்டிருக்கும். பிரித்தால் 19 ஆகிவிடும். தாய் 'லிட்டில்பிரின்சஸ்எம்மா', மூன்று சொல்லும் ஒட்டி மிகச்சரியாக 18. மகன் பெயரில் 'ஃபேரோ' என்பதன் எழுத்துக்கூட்டலே பிழை, 'ஏ'யும் 'ஓ'வும் இடம் மாறிவிட்டன. பிழையோடுதான் பதிவானது, பிழையோடுதான் வரலாற்றில் நிற்கிறது. அனுப்பும் முன் இன்னொருவரை விட்டு எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

மார்ச் 4, பகல் 1.00 – கேள்வி கேட்டவர்

அண்ணாச்சி, 18 எழுத்துன்னா தமிழ்ல எப்படி? 'மின்னல்' நாலு எழுத்துதானே? குதிரைக்குத் தகப்பன் புயல், தாய் கடலரசி.

மார்ச் 4, மாலை 5.45

காலையில் தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் குறை. கணக்கு ரோமன் எழுத்தில். மின்னல் நமக்கு நாலு, படிவத்தில் ஆறு. தமிழ்ப் பெயர் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை நீளும். 'நாலாம் சாமத்து நிலா' என்று ஆசைப்பட்டால் இருபதைத் தாண்டும். 'சாமத்து நிலா' 13இல் அடங்கும்.

நீளத்தைவிட ஒலி பெரிய கண்ணி. ழகரம் உள்ள பெயரை 'இசட்-எச்' போட்டு எழுதினால் மைக்கில் இருப்பவர் 'மழை'யை 'மஸாய்' என்பார். 'தீ'யை எழுதினால் பழைய ஆங்கிலத்தில் 'உன்னை' என்று பொருள்படும் சொல்லாகப் போய்விடும். 'தும்பி'யை அவர்கள் 'தம்பி' என்றே படிப்பார்கள், 'தம்ப்' என்ற கட்டைவிரல் பழக்கத்தால். 'புலி' என்று நாய்க்கு வைத்தால் அதே எழுத்துக்கூட்டலில் ஹங்கேரிய ஆட்டுநாய் இனம் ஒன்று இருக்கிறது, ஜடாமுடி வைத்திருக்குமே, அது. உங்கள் காரியையே எடுங்கள். ஒற்றை 'ஏ' போட்டுப் பதிந்திருந்தால் வெளியூர்க்காரர் 'கறி' என்று படிப்பார். இரட்டை 'ஏ' போட்டிருக்கிறீர்களா என்று சான்றிதழைப் பாருங்கள்.

இப்போது குதிரை. புயலும் கடலரசியும்! இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. 'கரை கடந்தாள்'. வானொலியில் நாம் ஆயிரம் முறை கேட்ட சொல். ரோமனில் இடைவெளியோடு 16. முதலாக வந்துசேரும் பெட்டைக் குதிரைக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்று: 'பத்தாம் எண் கூண்டு'. துறைமுகத்தில் பெரும்புயலுக்கு ஏற்றுவது. பந்தயம் தொடங்கும் வாயிலும் கூண்டுதான். அதுவும் 16. மூன்றாவதாக 'நங்கூரம்' தோன்றியது, உடனே அடித்துவிட்டேன். ஓடவேண்டிய குதிரைக்கு நங்கூரம் என்று யாராவது வைப்பார்களா?

அமைதியான சாயலில் மூன்று வேண்டும் என்றால் நெய்தல், உப்பங்காற்று, கலங்கரை. வங்காள விரிகுடா, அரபிக்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட 169 பெயர்ப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு' இருக்கிறது. ரோமனில் ஆறே எழுத்து, எந்த நாட்டுக்காரரும் திணறாமல் சொல்லலாம்.

மார்ச் 5, காலை 6.30

கூப்பிடும் பெயர் பற்றி. நாய்க்கு நாம் சொல்லும் சொற்கள் கொஞ்சம்: வா, போ, இரு, உட்கார், வேண்டாம், விடு. பெயர் இவற்றில் எதனோடும் ஒலியில் ஒட்டக்கூடாது. 'சிவா', 'தேவா', 'ஜீவா' மூன்றும் 'வா'வில் முடிகின்றன. 'தேவா, இரு' என்றால் நாய் முதலில் 'வா'வைக் கேட்டுக் கிளம்பும், பிறகு 'இரு'வைக் கேட்டுத் தடுமாறும். வளையத்தில் அந்த ஒரு நொடித் தடுமாற்றத்தில் நிற்கும் நிலை குலைந்துவிடும். 'வீரு' 'இரு'வோடு மோதும். ஆங்கிலத்தில் பழக்குகிறவர்களுக்கு 'ஜோ' 'நோ'வோடும், 'ரே' 'ஸ்டே'யோடும் மோதும்.

இரண்டு அசை போதும். நீளமானதை எப்படியும் வாய் வெட்டிவிடும், அதற்கு நீங்களே வெட்டி வையுங்கள். முதலெழுத்து வல்லினமாக இருந்தால் தூரத்தில் தெளிவாகக் கேட்கும். வயலில் ஒருவரை நிறுத்திவிட்டு நூறு அடி தள்ளிப்போய்க் கூப்பிட்டுப் பாருங்கள். அவர் காதில் என்ன விழுந்தது என்று கேளுங்கள். ஒரே முற்றத்தில் இருக்கும் மற்ற நாய்களின் பெயரோடு இயையக்கூடாது, அது ரொம்ப முக்கியம்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல். அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் வரும். கூப்பிட்டுத் திரும்பாத குட்டியைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள். தூங்கும்போது பின்னால் நின்று, காற்றசைவு படாமல், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். கேளாத குட்டிக்குக் கைச்சாடைதான் பெயர்.

மார்ச் 5, இரவு 9.15 – வாசகர்

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு எல்லாக் குட்டியும் ஒரே எழுத்தில் தொடங்கணும்னு சொல்றாங்களே?

மார்ச் 5, இரவு 10.40

ஜெர்மன் வழக்கம் அது. கென்னலின் முதல் ஈத்து 'ஏ', இரண்டாவது 'பி', அப்படியே அகரவரிசையில். பெயரைப் பார்த்தாலே எத்தனையாவது ஈத்து என்று தெரியும். பின்னால் 'ஃபோம்', 'ஃபோன்' என்று கென்னல் பெயர் வரும். அந்த இனத்தின் முதல் பதிவு நாய் 1899இன் ஹோராண்ட் ஃபோன் கிராஃப்ராத். அதற்கு முந்தைய பெயர் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன். வாங்கியவர் தன் கென்னல் பெயரைப் போட்டு மாற்றிக்கொண்டார். இன்று அப்படி மாற்றினால் வம்சத் தாளில் குழப்பம்தான் மிஞ்சும்.

பிரான்ஸில் ஆண்டுக்கு ஓர் எழுத்து. 2024இல் பிறந்த நாய்க்கு 'வி', 2025க்கு மறுபடி 'ஏ'. பெயர் கிடைப்பது கடினமான எழுத்துகளை விட்டுத் தாண்டிவிடுவார்கள். நாயின் வயதைப் பெயரே சொல்லும்.

குதிரையில் ஹனோவர் இனத்துக்குத் தகப்பனின் முதலெழுத்து, டிராகேனர் இனத்துக்குத் தாயின் முதலெழுத்து. டச்சுக் குதிரைக்கு ஆண்டெழுத்து: டோட்டிலாஸ் பிறந்தது 2000, வலேக்ரோ 2002. ரோமன் வரிசையில் இரண்டின் முதலெழுத்துக்கும் நடுவே ஓர் எழுத்துதான். லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய வலேக்ரோவை லாயத்தில் 'புளூபெர்ரி' என்றுதான் கூப்பிட்டார்கள். தாளும் வாயும் வேறு என்று முதல் நாள் சொன்னது குதிரைக்கும் பொருந்தும். லிப்பிஸானர் இன ஆண் குதிரைக்கு இரட்டைப் பெயர்: முன்னால் ஆண்வழி மூதாதை, பின்னால் தாய். கான்வர்சானோ, ஃபேவரி, மேஸ்டோசோ, நியாபொலிடானோ, புளூட்டோ, சிக்லாவி என்று தொன்மையான ஆறு வழி. தாயின் பெயரை இவ்வளவு மரியாதையாகத் தாங்கும் முறையை வேறெங்கும் பார்ப்பது அரிது.

ஜப்பானில் ரேஸ் குதிரைக்குக் கட்டகனா என்ற அவர்கள் எழுத்துமுறையில் இரண்டிலிருந்து ஒன்பது எழுத்துக்குள். 'டீப் இம்பேக்ட்' சரியாக ஒன்பது.

இந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால்தான் ராக்கி வருகிறது. 'ண'கரத்தில் முடியவேண்டும், அல்லது எல்லாக் குட்டிக்கும் காற்றின் பெயர் என்று ஒரு வேலி போட்டுப் பாருங்கள், மனம் உடனே மேயத் தொடங்கும்.

மார்ச் 6, காலை 7.00

மூன்றாம் தேதி 'அகராதியைத் திறக்காதீர்கள்' என்று எழுதினேன். நம் நாட்டு நாய்க்கு அது முழுதும் சரிவராது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் தலைமுறை தலைமுறையாக எழுதாத வம்சம். தாத்தன் பெயர் கேட்டால் 'செவலை', அப்பன் பெயர் கேட்டால் 'மயிலை' என்று நிறத்தைத்தான் சொல்வார்கள். வம்சத் தாளே இல்லாத இடத்தில் அதிலிருந்து பெயர் எடு என்றால் எப்படி? இங்கே முதல் தலைமுறைப் பெயரை நாம்தான் நட்டாகவேண்டும். அதற்கு அகராதி வேண்டும், நிகண்டு வேண்டும், வயல் வேண்டும்.

ஈத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு குட்டி என்றால் நாலு காற்று: தென்றல், வாடை, கொண்டல், கோடை. ஐந்து என்றால் ஐந்திணை. ஆறு என்றால் ஆறு சிறுபொழுது: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. வெள்ளை ராஜபாளையம் என்றால் நெல்லுக்குப் போங்கள். தூயமல்லி! அந்தப் பெயரை அந்த நாயின் மேல் வைத்துப் பாருங்கள். கருங்கன்னிக்குக் கவுனி. குதிரைக்கு மூவேந்தர் குதிரைகளை நிகண்டு தருகிறது: சேரனுக்குப் பாடலம், சோழனுக்குக் கோரம், பாண்டியனுக்குக் கனவட்டம். கனவட்டம் ரோமனில் பத்தே எழுத்து.

காரி என்பதே குதிரைப் பெயர்தான். மலையமான் திருமுடிக்காரியின் குதிரை காரி, வல்வில் ஓரியின் குதிரை ஓரி. 'காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரி' என்று சிறுபாணாற்றுப்படை இரண்டு பேரையும் குதிரையோடு சேர்த்தே பேசுகிறது. ஆளும் குதிரையும் ஒரே பெயர். உங்கள் காரியின் மகன் ஒன்றுக்கு ஓரி வைக்கலாம்.

மார்ச் 6, இரவு 11.30

காலையில் முக்கியமானதை விட்டுவிட்டேன். காரி என்றால் கருப்பு, குதிரை, அவ்வளவோடு நிற்கவில்லை. சனிக்கோளுக்கும் காரி என்று பெயர். வெள்ளி என்றால் சுக்கிரன். தகப்பனும் தாயும் கோள்கள்! பெற்றோர் பெயர் வழியும் ஈத்துப் பொருள் வழியும் இங்கே ஒன்றாகிவிட்டன.

அப்படியானால் குட்டிகள் வானத்திலும் பொழுதிலும் இருக்கவேண்டும். இருட்டும் வெள்ளியும் சேரும் நேரம் எது? வெள்ளி முளைக்கிற கருக்கல். ஒரு குட்டிக்குக் 'கருக்கல்', ரோமனில் எட்டு. நிறங்களைச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பார்ப்போம்.

மார்ச் 7, காலை 8.20 – கேள்வி கேட்டவர்

உடம்பு சிலிர்த்துப்போச்சு அண்ணாச்சி. ஆண் ரெண்டில் ஒண்ணு செவலை, ஒண்ணு கருப்பு. பெட்டை நாலில் ஒண்ணு கருப்பு, ரெண்டு சாம்பல், ஒண்ணு சந்தனம். நானே எழுதிப் பார்த்தேன்: செவலை ஆண் செவ்வாய், கருப்பு ஆண் கருக்கல், கருப்புப் பெட்டை யாமம், சாம்பல் ரெண்டும் விடிவெள்ளி, வைகறை. விடிவெள்ளியை 'விடியா'ன்னு கூப்பிடலாம்னு இருக்கேன். சந்தனத்துக்கு ஒண்ணும் வரல.

மார்ச் 7, பகல் 12.10

தம்பி, நாலு நன்றாகவே இருக்கின்றன. இரண்டு திருத்தம்.

'செவ்வாய்' வாயில் முடிகிறது, அதற்குள் 'வா' இருக்கிறது. ஐந்தாம் தேதிக் குறிப்பைப் பாருங்கள். செவ்வாய்க்கோளுக்கு 'சேய்' என்றும் பெயர். சிவப்பு, பிள்ளை, முருகன், மூன்றும் அதற்குள் அடக்கம். தாளிலும் வாயிலும் சேய் என்றே இருக்கட்டும், ஓரசைதான், ஆனால் நெடில் என்பதால் இழுத்துக் கூப்பிடலாம்.

'விடியா' வேண்டவே வேண்டாம். விடியாமூஞ்சி என்று திட்டுகிற ஊர் நம்முடையது. தாளில் விடிவெள்ளி, வாயில் 'தாரா'. தாரகையின் சுருக்கம். வைகறையை 'வைகை' என்று கூப்பிடுங்கள், ஆறும் கிடைக்கும். கருக்கல் 'கருக்கு'. யாமம் அப்படியே போகட்டும்.

சந்தன நிறம் என்றால் பொழுது சாயும் வெயில். எற்பாடு. 'எல்' என்றால் ஒளி, கதிரவன். ஆனால் 'எற்பாடு' என்று யாரும் கூப்பிட முடியாது. 'எல்லி' என்று வையுங்கள். பழந்தமிழ்ச் சொல், பகலுக்கும் ஆகும், இரவுக்கும் ஆகும். அதோடு ரோமனில் எழுதினால் இங்கிலீஷ்காரர் வீட்டுப் பெண் பெயர் மாதிரி நடுவர் வாயிலும் நுழையும். முதல் நாள் நீங்கள் கேட்டதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

மார்ச் 8, காலை 6.05

எல்லி பற்றி அவசரப்பட்டுவிட்டேன். தாய் வெள்ளி அதே முற்றத்தில் இருக்கிறது. 'எல்லி', 'வெள்ளி' இரண்டையும் நூறு அடி தள்ளி நின்று கூப்பிட்டால் காதுக்கு ஒன்றுதான். தாய் ஓடிவரும், மகள் நிற்கும், பிறகு இரண்டும் பெயருக்குத் திரும்புவதையே விட்டுவிடும். தாளில் எல்லி இருக்கட்டும். வாயில் 'அந்தி'.

படிவத்துக்கு: ஆறு பெயரையும் ரோமனில் எழுதி, கென்னல் பெயரையும் சேர்த்து இடைவெளியோடு எண்ணுங்கள். அமெரிக்க கென்னல் கிளப்பில் 36 வரை சும்மா, 50 வரை கூடுதல் கட்டணத்தோடு. நம்முடைய படிவத்தில் எத்தனை என்று சென்னை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 'சாம்பியன்', 'வின்னர்' போன்ற பட்டச் சொல் எதுவும் பெயருக்குள் வரக்கூடாது, அது ஜெயித்து வாங்கி முன்னால் போடவேண்டியது. முடிவில் ரோமன் எண் போடாதீர்கள், அதே பெயர் மறுபடி வந்தால் பதிவகம் போடுவது அது. 'தாரா', 'வைகை'யைப் படிவத்தில் எழுதவேண்டாம்.

எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மைக்ரோசிப் தாள், தடுப்பூசி அட்டை, ஷோ நுழைவுப் படிவம் மூன்றிலும் அதே எழுத்து. யாமத்தை ஒன்றில் இரட்டை 'ஏ'யும் இன்னொன்றில் ஒற்றையும் போட்டால் நுழைவு மேசையில் இரண்டு நாயாகிவிடும்.

மார்ச் 8, இரவு 9.00 – கேள்வி கேட்டவர்

காரி சான்றிதழைப் பார்த்தேன் அண்ணாச்சி. ஒற்றை 'ஏ'தான் இருக்கு.

மார்ச் 8, இரவு 9.25

அப்படியானால் குட்டிகளின் தாளில் தகப்பன் பெயர் ஒற்றை 'ஏ'யோடுதான் இறங்கும். திருத்தம் போடுவதானால் ஈத்துப் பதிவுக்கு முன்னால் போடுங்கள், நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். ஆறு குட்டியும் பதிவான பிறகு திருத்தினால் ஏழு சான்றிதழையும் மாற்றவேண்டி வரும்.